பழைய ஜீப் வகை ஊர்திகளில் முகப்பு விளக்கு மேம்பாடு

முகப்பு விளக்கு மேம்பாடு என்பது, பழைய ஊர்தி ஒன்றின் முன்புற விளக்குகளையும் அவற்றுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் மின்சுற்றையும் மாற்றி, இரவில் பாதை தெளிவாகத் தெரியும்படி செய்தல் ஆகும். ஜீப், லாண்ட் ரோவர், டொயோட்டா லாண்ட் குரூசர் போன்ற, சாலையற்ற நிலத்திலும் செல்லவல்ல பழைய ஊர்திகளில் இது பரவலாகச் செய்யப்படுகின்றது. விளக்குக் குமிழை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் போதிய பயனைத் தருவதில்லை. மின்கம்பிகள், ஒளியின் குவியம், விளக்கின் சாய்வு ஆகியவையும் சேர்ந்தே ஒளியின் பயனைத் தீர்மானிக்கின்றன.

தேவை

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி, ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கின்றது. ஓட்டுநர் தடையைக் கண்டு பிரேக்கை அழுத்த 1.5 வினாடி ஆகும் எனக் கொண்டால், அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். நல்ல சாலையில் (வேகத்தளர்வு 6 மீ/வி² எனில்) ஊர்தி நிற்க மேலும் 23 மீட்டர் வேண்டும். சரளைப் பாதையில் (4 மீ/வி² எனில்) 35 மீட்டர் வேண்டும். ஆகவே சரளைப் பாதையில் 60 மீட்டருக்கு அப்பால் உள்ள தடை தெரியாவிட்டால், அதன் மீது மோதாமல் நிறுத்த இயலாது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1940 ஆம் ஆண்டு மாதிரி ஊர்திகளிலிருந்து 7 அங்குல (178 மில்லிமீட்டர்) விட்டமுடைய வட்ட வடிவ 'சீல்டு பீம்' விளக்கு பொது அளவாக்கப்பட்டது. இதில் தங்குதன் இழை, எதிரொளிப்பான், முன்புறக் கண்ணாடி ஆகிய மூன்றும் பிரிக்க இயலாத ஒரே உறுப்பாக அமைந்துள்ளன. நீரும் தூசியும் உட்புகாதது இதன் சிறப்பு. இழை அறுந்தால் முழு விளக்கையும் மாற்ற வேண்டியிருப்பது குறை.

இதே அளவைப் பல நாடுகளின் ஊர்திகளும் ஏற்றன. ஜீப் சிஜே வரிசை, லாண்ட் ரோவர் டிபென்டர், லாண்ட் குரூசர் 40 வரிசை ஆகியவை 7 அங்குல வட்ட விளக்கு கொண்டவை. இதனால் ஓர் ஊர்திக்கென விற்கப்படும் மாற்று விளக்கு மற்றொன்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். 1987 முதல் 1995 வரை வெளிவந்த ஜீப் ராங்க்ளர் ஒய்ஜே செவ்வக விளக்கு கொண்டது.

1962 இல் ஐரோப்பாவில் எச்1 ஆலசன் குமிழும், 1971 இல் எச்4 குமிழும் அறிமுகமாயின. எச்4 குமிழில் இரண்டு இழைகள் உள்ளன. ஒன்று தொலைக் கற்றைக்கும் (60 வாட்), மற்றொன்று தாழ் கற்றைக்கும் (55 வாட்) உரியது. ஓட்டுநர்கள் இவற்றை முறையே 'பிரைட்', 'டிம்' என்பர். தாழ் கற்றை இழையின் கீழுள்ள சிறு உலோக மறைப்பு, ஒளி எதிரே வருவோரின் கண்களை நோக்கி மேலெழாமல் தடுக்கின்றது.

மின்சுற்றுச் சீரமைப்பு

பழைய ஊர்திகள் பலவற்றில் விளக்கின் முழு மின்னோட்டமும் ஓட்டுநர் முன்னுள்ள நிலைமாற்றி வழியாகவே செல்கின்றது. தலா 60 வாட் கொண்ட இரு விளக்குகளுக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் தேவை. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பி 4 மீட்டர் நீளத்துக்குச் சென்றால், கம்பியில் மட்டுமே ஏறத்தாழ 0.7 வோல்ட் இழக்கப்படும். துருப்பிடித்த இணைப்புகளிலும் தேய்ந்த நிலைமாற்றியிலும் ஏற்படும் இழப்பு இதனுடன் சேரும்.

இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 ஆம் அடுக்குக்கேற்ப மாறும். எனவே மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி 30 விழுக்காடு குறைகின்றது. மின்கலத்தில் 13.5 வோல்ட் இருக்கையில் விளக்கு முனையில் 12.2 வோல்ட் மட்டுமே இருந்தால், குமிழ் புதிதாயினும் ஒளி மங்கலாகவே இருக்கும். ஆகையால் எதையும் வாங்குமுன், விளக்குகள் எரியும்போது இவ்விரு இடங்களிலும் மின்னழுத்தத்தை அளப்பது முதற்படியாகும்.

இக்குறையை நீக்க ரிலே எனப்படும் மின்காந்த நிலைமாற்றி பயன்படுகின்றது. வழமையான நான்கு முனை ரிலேயின் இணைப்புகள்:

- 30: மின்கலத்திலிருந்து உருகி வழியாக வரும் தடித்த கம்பி
- 87: விளக்குக்குச் செல்லும் தடித்த கம்பி
- 85, 86: ரிலேயின் கம்பிச்சுருள். ஒன்று பழைய விளக்குக் கம்பியுடனும் மற்றொன்று ஊர்தியின் உடலுடனும் இணைக்கப்படும்

பழைய நிலைமாற்றி இப்போது சுருளை மட்டுமே இயக்குவதால், அதன் வழியே 1 ஆம்பியரிலும் மிகக் குறைந்த மின்னோட்டமே செல்கின்றது. விளக்கின் மின்னோட்டம் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 1.5 மீட்டர் மட்டும் சென்றால், அக்கம்பியில் இழப்பு 0.1 வோல்ட் அளவாகக் குறையும். விளக்கிலிருந்து ஊர்தியின் உடலுக்குச் செல்லும் கம்பியும் இதே தடிப்புடையதாக இருத்தல் வேண்டும். தொலைக் கற்றைக்கும் தாழ் கற்றைக்கும் தனித்தனி ரிலேக்கள் தேவை. இடது, வலது விளக்குகளுக்குத் தனித்தனி உருகி பொருத்தினால், ஒன்றில் மின்கசிவு ஏற்பட்டாலும் மற்றொன்று அணையாது.

எல்லா ஊர்திகளும் ஒரே மின்னமைப்பு உடையவை அல்ல. இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் எம்பி ஜீப் 6 வோல்ட் அமைப்புடையது. சில டீசல் லாண்ட் குரூசர்கள் 24 வோல்ட் அமைப்புடையவை. டொயோட்டா ஊர்திகள் சிலவற்றில் நிலைமாற்றி நேர்முனைப் பக்கத்தில் அல்லாது எதிர்முனைப் பக்கத்தில் இருப்பதால், மேற்கூறிய இணைப்பை அப்படியே பயன்படுத்த இயலாது.

விளக்கைத் தெரிவு செய்தல்

சீல்டு பீம் விளக்கை அகற்றி, எச்4 குமிழ் ஏற்கும் 7 அங்குலக் கண்ணாடி விளக்கைப் பொருத்துவது எளிய முறை. பின்புற இரப்பர் உறை சரியாகப் பொருந்தாவிட்டால், ஓடைகளைக் கடக்கும்போது நீர் உட்புகுந்து எதிரொளிப்பானைக் கெடுக்கும்.

100 வாட் குமிழ்கள் இரண்டு 17 ஆம்பியர் வரை இழுக்கின்றன. கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், 60 வாட் குமிழ்களைவிட அது ஏறக்குறைய 2.8 மடங்காகும். ரிலே இல்லாத பழைய சுற்றில் இது நிலைமாற்றியை உருக்கிவிடக்கூடும். பல நாடுகளில் பொதுச்சாலையில் இவற்றுக்கு இசைவும் இல்லை.

எச்4 வடிவிலான எல்.ஈ.டி குமிழை ஆலசன் விளக்கினுள் செருகுவதிலும் இடர் உண்டு. எதிரொளிப்பான், மெல்லிய இழை அமைந்துள்ள புள்ளிக்கேற்ப வடிவமைக்கப்பட்டது. ஒளி வேறு இடத்திலிருந்து புறப்பட்டால் குவியம் குலைந்து, அருகே வெளிச்சம் மிகுந்தும் தொலைவில் குறைந்தும், எதிரே வருவோரின் கண்கள் கூசும். எல்.ஈ.டிக்கெனவே வடிவமைக்கப்பட்ட முழு விளக்கில் இக்குறை இல்லை.

சாய்வும் போக்குவரத்துப் பக்கமும்

தாழ் கற்றை பொதுவாக 1 விழுக்காடு கீழ்நோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். அதாவது, விளக்கிலிருந்து 10 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில், ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் மையத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்வாக விழவேண்டும். விளக்கு 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அவ்விளிம்பு 90 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். ஊர்தியின் உயரம் கூட்டப்பட்ட பின்னரும், பின்புறம் சுமை ஏற்றிய பின்னரும் இச்சாய்வை மீண்டும் சரிபார்த்தல் வேண்டும்.

தாழ் கற்றை, சாலையோரப் பக்கம் மட்டும் சற்று மேலெழும்படி அமைக்கப்படுகின்றது. வலப்புறப் போக்குவரத்து நாடுகளுக்கான விளக்கை இந்தியா, இலங்கை போன்ற இடப்புறப் போக்குவரத்து நாடுகளில் பொருத்தினால், மேலெழும் ஒளி நேராக எதிர்வரும் ஓட்டுநரின் கண்களில் படும். ஐக்கிய நாடுகள் அவையின் ஊர்தி விதிகளின்படி, இடப்புறப் போக்குவரத்துக்கு மட்டுமான விளக்கின் கண்ணாடியில், அதனை எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கம் நோக்கிய அம்புக்குறி இருக்கும். இருபுறமும் முனையுள்ள அம்புக்குறி, இருவகைப் போக்குவரத்துக்கும் மாற்றியமைக்கக்கூடிய விளக்கைக் குறிக்கும். அம்புக்குறி இல்லாதது வலப்புறப் போக்குவரத்துக்கு உரியது.