‘இருக்கு’ - இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

“எனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு.” “என்கிட்டே பத்து ரூபாய்தான் இருக்கு.” “பாப்பாவுக்கு ஜுரம் இருக்கு.”

காலையில் காப்பி கலப்பதிலிருந்து இரவு விளக்கை அணைக்கிற வரை எத்தனை ‘இருக்கு’ சொல்கிறோம்! இதையே இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் மட்டும் நாக்கு தடுமாறுகிறது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, இங்கிலீஷ் மீடியக் குழந்தைக்கு ஹோம்வொர்க் சொல்லித் தரும் தாய்மார்களுக்கு இது தெரிந்த கஷ்டம்தான். கணவரின் வேலை காரணமாக டில்லி, மும்பை என்று போய், தமிழ் தெரியாத டாக்டர் முன்னால் குழந்தையோடு நிற்கிறவர்களுக்கோ இது வெறும் இலக்கணம் இல்லை.

ஏன் இந்தத் தடுமாற்றம்? ‘ஹாவ்’ என்பதற்கு நேரான வினைச்சொல் தமிழில் கிடையாது. இது குறை ஒன்றும் இல்லை. ஹிந்தியிலும், மலையாளத்திலும், தெலுங்கிலும், ஏன், ரஷ்ய மொழியிலும்கூட நம்மைப் போலத்தான். ‘எனக்கு இருக்கு’, ‘என்னிடம் இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். இங்கிலீஷில் உடையவரை முதலில் உட்கார வைத்து, பொருளைக் கடைசியில் கொண்டுவர வேண்டும். ‘எனக்கு’, ‘என்னிடம்’ இரண்டுமே அங்கே ‘ஐ’ ஆகிவிடும். அவ்வளவுதான் ரகசியம்!

ஐ ஹாவ் டூ சில்ட்ரன்.
ஐ ஹாவ் ஒன்லி டென் ருபீஸ்.
தி பேபி ஹாஸ் எ ஃபீவர்.

ஐ, யூ, வீ, தே வந்தால் ‘ஹாவ்’. ஹி, ஷி, இட் அல்லது ஒருவர் பெயர் மட்டும் வந்தால் ‘ஹாஸ்’. முன்பு இருந்தது என்றால் எல்லோருக்கும் ‘ஹாட்’.

எல்லா ‘இருக்கு’வும் ஹாவ்தானா?

இல்லை. “மேஜை மேலே புஸ்தகம் இருக்கு” என்பதற்கு ‘ஹாவ்’ வராது. ‘தேர் இஸ் எ புக் ஆன் தி டேபிள்’ என்று சொல்ல வேண்டும். குழந்தைக்கு ஒரு சுலப வழி சொல்லிக் கொடுங்கள். ‘யாருக்கு? யாரிடம்?’ என்று கேட்டால் பதில் வருகிறதா? ஹாவ். ‘எங்கே?’ என்பதற்கு மட்டும்தான் பதில் வருகிறதா? தேர் இஸ்.

‘ஹாவிங்’ போடாதீர்கள்

நம் ஊரில் பலரும் ‘ஐ ஆம் ஹாவிங் டூ சில்ட்ரன்’ என்கிறார்கள். உறவு, உடைமை, நோய் இவற்றுக்கு ‘ஹாவிங்’ வேண்டாம். ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ‘ஐ ஆம் ஹாவிங் எ பேபி’ என்று சொல்லிப் பாருங்கள், இங்கிலீஷ்காரர் “வாழ்த்துக்கள், எப்போது பிரசவம்?” என்றுதான் கேட்பார்! சாப்பிடுவது, குளிப்பது போன்ற காரியங்களுக்கு மட்டும் ‘ஹாவிங்’ சரி. ‘ஷி இஸ் ஹாவிங் லஞ்ச்’ என்றால் அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

கேள்வியும் ‘இல்லை’யும்

‘டூ யூ ஹாவ் சேஞ்ச்?’ சில்லறை இருக்கா? ‘நோ, ஐ டோன்ட் ஹாவ் சேஞ்ச்.’ இல்லை. அவளைப் பற்றியானால் ‘டஸ் ஷி ஹாவ்?’, ‘ஷி டஸின்ட் ஹாவ்’. இங்கே ‘ஹாஸ்’ வராது. ‘டஸ்’ முன்னாலேயே வந்துவிட்டதால் ‘ஹாவ்’ போதும். குழந்தைகள் பரீட்சையில் மார்க் விடுகிற இடம் இதுதான்.

என்னிடம் இருப்பதெல்லாம் என்னுடையதா?

பக்கத்து வீட்டுக் குடை உங்களிடம் இருக்கிறது. ‘ஐ ஹாவ் யுவர் அம்ப்ரெல்லா’ என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அது யாருடையது என்பதற்கு வேறு சொல் உண்டு. ‘இட் பிலாங்ஸ் டு யூ.’ அது உங்களுடையது. சொந்த வீடு என்பதை அழுத்திச் சொல்ல ‘வீ ஓன் திஸ் ஹவுஸ்’.

டாக்டரிடம் போகும்போது

இங்கேதான் கவனம் தேவை. இந்த மூன்று வாக்கியங்களையும் பாருங்கள்.

‘ஷி ஹாஸ் எ ஃபீவர்.’ இப்போது ஜுரம் இருக்கிறது.
‘ஷி ஹாட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ்.’ இரண்டு நாள் இருந்தது, விட்டுவிட்டது.
‘ஷி ஹாஸ் ஹாட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ்.’ இரண்டு நாளாக இருக்கிறது, இன்னும் விடவில்லை.

ஒரு ‘ஹாஸ்’ விட்டுப்போனால், விடாத ஜுரம் விட்டுப்போன ஜுரமாகிவிடும்! குழந்தைக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். ‘ஷி ஹாஸ் அன் அலர்ஜி டு பெனிசிலின்.’ இந்த வாக்கியத்தில் பெனிசிலினுக்குப் பதில் உங்கள் குழந்தைக்கு ஆகாத மருந்தின் பெயரைப் போட்டு, மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். தடுமாற்றமாக இருந்தால் ‘ஸ்டில்’ என்ற ஒரு சொல்லையாவது சேர்த்து, ‘ஷி ஸ்டில் ஹாஸ் எ ஃபீவர்’ என்று சொல்லுங்கள். இன்னும் ஜுரம் விடவில்லை என்பது புரிந்துவிடும்.

இதற்காக டியூஷன் எல்லாம் வேண்டாம். காய் நறுக்கும்போது குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, “நம்மகிட்டே என்னென்ன இருக்கு, சொல்லு” என்று கேளுங்கள். வீ ஹாவ் ஆனியன்ஸ், வீ டோன்ட் ஹாவ் டொமேட்டோஸ், அப்பா ஹாஸ் எ ஸ்கூட்டர்... தினம் ஐந்து வாக்கியம் போதும். சொல்லிக் கொடுக்கிற சாக்கில் நீங்களும் கற்றுக்கொண்டு விடுவீர்கள். தமிழில் நாம் பேசுகிற ‘எனக்கு’, ‘என்கிட்டே’ இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்த இங்கிலீஷ் ஒன்றும் பெரிய வித்தை இல்லை.