‘டீஸ்’ செய்தானா, ‘ஹராஸ்’ செய்தானா?

புகார் மனுவில் எழுதும் ஒரு வினைச்சொல் வழக்கின் போக்கையே மாற்றிவிடும். லேபர் கேம்ப் பெண்களுக்கு இது வெறும் இலக்கணப் பாடம் அல்ல

மாட்டுங்கா லேபர் கேம்ப் சந்துகளில் சாயங்காலமானால் நாலு மொழி புழங்கும். வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், குழாயடியில் இந்தி, அரசு அலுவலகத்தில் மராத்தி, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்வரும் பெண்பிள்ளைகளின் வாயில் ஆங்கிலம்.

வேலை முடிந்து சயான் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வரும் ஒரு பெண்ணை ஒருவன் தினமும் பின்தொடர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். “ஒருத்தன் வம்பு பண்ணுதாம்மா” என்பாள் அம்மாவிடம். பக்கத்து வீட்டு இந்திக்காரரிடம் அம்மா சொல்லும்போது அது ‘சேட்தா ஹை’. காவல் நிலையத்தில் மராத்தியில் ‘த்ராஸ்’ என்று பதிவாகும். மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் வந்தால் ‘ஈவ் டீசிங்’. அவன் தினமும் பின்னால் வந்தான் என்ற விஷயம் மட்டும் வழியில் எங்கோ நழுவிவிடுகிறது.

ஆங்கிலத்தில் தொந்தரவுக்கு வார்த்தைகள் ஏராளம். எல்லாம் ஒரே எடை அல்ல. ‘பாதர்’ மிக லேசானது. மேலதிகாரியின் அறைக்குள் நுழையும்போது மன்னிப்புக் கேட்கப் பயன்படும். ‘அனாய்’ என்றால் எரிச்சலூட்டுவது. இதைச் செய்ய ஆள்கூட வேண்டாம், ஒலிபெருக்கியும் கொசுவும் போதும். ‘பெஸ்டர்’ நம்முடைய நச்சரிப்பு. பிரெஞ்சில் குதிரையின் காலைக் கட்டிப்போடுவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கடை வாசலில் மிட்டாய்க்கு அடம்பிடிக்கும் பிள்ளை நம் காலைக் கட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்குப் பொருத்தம் புரியும்.

‘டீஸ்’ சுவாரஸ்யமானது. பழைய ஆங்கிலத்தில் கம்பளி இழைகளைச் சிக்கெடுத்துப் பிரிப்பதற்குப் பெயர் இது. மெத்தைப் பஞ்சை வில்லால் அடித்துப் பிரிக்கிறார்களே, அதைப் போன்ற வேலை. பிறகு கேலிக்கு ஆகிவந்தது. மதினியைக் கொழுந்தன் கிண்டல் செய்வதும், தோழிகள் மணப்பெண்ணைச் சீண்டுவதும் ‘டீஸ்’தான். இரண்டு பேருமே சிரிக்க இடமுள்ள சொல்.

‘ஹராஸ்’ஸில் அந்தச் சிரிப்பு இல்லை. நாயை ஏவிவிடுவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். திரும்பத் திரும்ப, வேண்டாம் என்ற பிறகும், எதிராளி களைத்துப்போகும்வரை செய்வது. வட்டிக்காரன் செய்யலாம், முதலாளி செய்யலாம், தெருமுனைப் பையன் செய்யலாம். தமிழில் ‘துன்புறுத்தல்’ என்று எழுதுகிறோம். ‘இம்சை’ இன்னும் நெருக்கம், ஆனால் அதையும் நாம் வேடிக்கைக்குப் பயன்படுத்திக் கெடுத்துவிட்டோம்.

‘மோலெஸ்ட்’ ஒரு பொறி. ஸ்பெயின் நாட்டு ஓட்டல் அறைக் கதவில் ‘நோ மோலெஸ்தார்’ என்று அட்டை தொங்கினால் பதற வேண்டாம், தூக்கத்தைக் கெடுக்காதீர்கள் என்று மட்டுமே அர்த்தம். அதே லத்தீன் வேரிலிருந்து வந்த ஆங்கிலச் சொல்லுக்கு இன்றைய பொருள் பாலியல் அத்துமீறல். நம் பத்திரிகைகளின் ‘மானபங்கம்’, மராத்திப் பத்திரிகைகளின் ‘விநயபங்க’.

இந்தப் பட்டியலில் ‘ஈவ் டீசிங்’ எங்கே வருகிறது? லண்டனில் சொன்னால் புரியாது. முழுக்க முழுக்க இந்தியச் சரக்கு. ஏவாளைக் கிண்டல் செய்வதாம். குற்றத்துக்குக் கேலியின் பெயர், பழியில் பாதி ஏவாளுக்கு.

இதன் விலை சென்னையில் தெரிந்தது. 1998 ஜூலையில் ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சேட்டையில் கீழே விழுந்த ஒரு கல்லூரி மாணவி இறந்துபோனார். தமிழக அரசு அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் சட்டத்தின் பெயரிலேயே ‘ஈவ் டீசிங்’ இருந்தது. ஓர் உயிர் போன பிறகும் அது ‘டீசிங்’! 2002ல்தான் திருத்தி ‘பெண்களைத் துன்புறுத்துதல்’ என்று மாற்றினார்கள், அதாவது ‘ஹராஸ்மென்ட்’. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட பாலினச் சொற்கள் பற்றிய கையேடும் ‘ஈவ் டீசிங்’கைத் தள்ளிவிட்டு, ‘தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல்’ என்று சொல்லச் சொல்கிறது.

1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் ‘ஹராஸ்’ செய்வதற்கும் ‘ஸ்டாக்’ செய்வதற்கும் தனிக் குற்றப் பிரிவு கிடையாது. பொது இடத்தில் ஆபாசப் பாட்டுப் பாடினால் அது மற்றவர்களுக்கு ‘அனாயன்ஸ்’ தந்ததா என்று கேட்டது அந்தச் சட்டம். டில்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2013ல்தான் பாலியல் துன்புறுத்தலும் ‘ஸ்டாக்கிங்’கும் தனிக் குற்றங்களாயின. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 75, 78ஆவது பிரிவுகள்.

‘ஸ்டாக்’ வேட்டைக்காரனின் சொல். மான் அறியாமல் பதுங்கிப் பதுங்கிப் பின்தொடர்வது. தமிழில் இதற்கு நறுக்கென்று ஒரு சொல் பழக்கத்தில் இல்லாததற்கு நம் சினிமாவும் காரணம் என்று தோன்றுகிறது. கதாநாயகன் கதாநாயகிக்குப் பின்னால் பஸ் ஸ்டாப் பஸ் ஸ்டாப்பாக அலைவதற்கு அங்கே காதல் என்று பெயர்.

சட்டத்தின் 78ஆவது பிரிவு பார்ப்பது இரண்டு விஷயங்களை. அவன் மீண்டும் மீண்டும் பின்தொடர்ந்து பேசவோ பழகவோ முயன்றானா? தனக்கு விருப்பமில்லை என்று அவள் தெளிவாகக் காட்டினாளா? ‘டீஸ் செய்தான்’ என்ற ஒற்றைச் சொல்லில் இரண்டுமே இல்லை. முதல் தடவைக்கு மூன்று வருஷம்வரை சிறை தரக்கூடிய குற்றம், வெறும் கேலியாகச் சுருங்கிவிடுகிறது.

எனவே எந்த வினைச்சொல் சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிரிவைத் தேடுவது போலீஸின் வேலை. நடந்ததைச் சொன்னால் போதும்: “திங்கள், செவ்வாய், வியாழன், இரவு எட்டு மணி. ஸ்டேஷனிலிருந்து தொண்ணூறடி ரோடு வரை பின்னால் வந்தான். நம்பர் கேட்டான். வேண்டாம், வராதே என்று இரண்டு தடவை சொன்னேன்.” இத்தகைய புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். எழுதியதைப் படித்துக்காட்ட வேண்டும், நகல் இலவசமாகத் தர வேண்டும். படித்துக்காட்டும்போது அந்த ‘இரண்டு தடவை’ மராத்தியிலும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.