ஆறாம் நிலைக்குப் போன உலோகம்

குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் போகும் சாலையில் அனகாபுத்தூரைத் தாண்டினால் பம்மல், அதை ஒட்டி நாகல்கேணி. தோல் ஆலைகளுக்குப் பேர்போன இடம். ஆள் உயரத்தைவிடப் பெரிய மரப்பீப்பாய் சுழன்று நின்றதும், உள்ளே போட்ட தோல் வெளிர்நீலமாக வெளியே வரும். அந்த நீலம் குரோமிய உப்பால் வந்தது. தோலில் ஏறியது போக மிச்சம் கழிவுநீரோடு போகும்.

அந்தக் குரோமியம் வேதியியலார் சொல்லும் மூன்றாம் நிலையில் இருக்கும்வரை பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு அதன் எலெக்ட்ரான்களைப் பிடுங்கினால்தான் வினை. ஆறாம் நிலைக்கு மாறிய குரோமியம் தண்ணீரில் கரைந்து நிலத்தடியில் நகரும். புற்றுநோய் உண்டாக்குவதும் இதுதான். யுரேனியத்தின் குணமும் இதே. பாறைக்குள் நாலாம் நிலையில் அடங்கிக் கிடப்பது, சுரங்கம் தோண்டிக் காற்றும் நீரும் பட்டதும் ஆறாம் நிலைக்குப் போய்க் கரைகிறது. தண்ணீரோடு உடலுக்குள் போனால் கதிர்வீச்சைவிட அதன் வேதிநஞ்சுதான் முதல் கவலை, சிறுநீரகத்தைப் பாதிக்கும். லிட்டர் குடிநீரில் இந்தியத் தரம் அனுமதிப்பது குரோமியம் 0.05 மில்லிகிராம், யுரேனியம் 0.03.

வேதியியலில் ஒன்றுபோல் நடக்கும் இந்த இரண்டுக்கும் நீதிமன்றத்தில் ஒரே நியாயம் கிடைக்கவில்லை. தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. பல்லாவரம் அன்று இருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அந்த வழக்கில் அடக்கம். திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதைத் தீர்ப்பு பதிவு செய்தது. தன் தொழிலால் தீங்கில்லை என்று ஆலைக்காரரே நிரூபிக்க வேண்டும், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்றது.

அதே உச்ச நீதிமன்றத்துக்கு ஜார்க்கண்டின் ஜாதுகோடா யுரேனியக் கழிவு வழக்கும் போனது. போதிய நடவடிக்கை எடுத்திருப்பதாக அணுசக்தி ஆணையத் தலைவர் தந்த பிரமாணப் பத்திரத்தை ஏற்று, 2004-இல் மனுவைத் தள்ளுபடி செய்தது. தீங்கில்லை என்று சுரங்கத்தை நடத்தும் அரசுத் தரப்பு சொன்னதே போதும் என்றாகிவிட்டது. எனக்கு இது பெரிய அநீதியாகவே படுகிறது. 2006 டிசம்பரில் அங்கே கழிவுக் குழாய் உடைந்து, நச்சுக்குழம்பு ஓடையில் கலந்தது. 2014-இல் ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று.

நம் பக்கத்தில் போர் தண்ணீர் உப்புக் கரித்தால் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்க்கிறோம். அது கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும், 0.05 மில்லிகிராம் அதில் தெரியவே தெரியாது. ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுக்கும்போது குரோமியத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.