அவையிலிருந்து மக்கள் திரளுக்கு: தமிழ் மேடைப்பேச்சின் சமூக அடிப்படை

சொல்லாற்றலைப் பேசுவோனின் பிறவிக்கொடையாகக் கருதி, குரல்வளம், நினைவாற்றல், சொல்லடுக்கு ஆகியவற்றைக் கொண்டே அதனை விளக்கும் போக்கு நம்மிடையே வலுவாக உள்ளது. பேச்சு யாரை நோக்கி எழுந்தது, அவர்களைக் கேட்போராக ஒன்றுசேர்த்த சமூக நிலைமை யாது என்னும் வினாக்கள் இவ்விளக்கத்தில் இடம்பெறுவதில்லை. அவ்வினாக்களை முன்வைத்துத் தமிழ் மேடைப்பேச்சின் இரு கட்டங்களை இங்கு நோக்குவோம்.

திருக்குறள் அவையறிதல், அவையஞ்சாமை என இரு அதிகாரங்களை வகுத்துள்ளது. அங்கு போற்றப்படும் அவை கற்றோர் அவையே. அறிவிலார் கூடிய இடத்தில் நல்லன பேசுவோர் மறதியாலும் வாய்திறக்கலாகாது என அறிவுறுத்துமளவுக்கு அவ்வெல்லை இறுக்கமானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் இவ்வெல்லை தளரலாயிற்று. கற்றோர், கல்லாதோர் என்று பாராது எவரையும் விளித்துப் புரட்டஸ்தாந்த மிஷனரிமார் செய்த பிரசங்கம் புதியதொரு பேச்சு வடிவமாகும். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் அவ்வடிவத்தை அருகிருந்து அறிந்தவர். 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தமது சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மிஷனரிமாரை எதிர்ப்பதற்கு அவர்களது வடிவமே கருவியாயிற்று. எனினும், சாதி ஒழுங்கை ஏற்றுக்கொண்ட கோயிற் சூழலில் நிகழ்ந்தமையால், அப்பிரசங்கம் விரித்த அவை ஒடுக்கப்பட்டோரின் வாயிலை எட்டவில்லை.

அவ்வெல்லையும் உடைபட்டதைக் காண நாம் கடல்கடந்து தூத்துக்குடிக்குச் செல்லவேண்டும். இதனை நாவலர் பணியின் நேரடி விளைவென நாம் கொள்ளவில்லை. பேச்சின் அவை விரிவடைந்த போக்கின் பிறிதொரு கட்டமெனவே கொள்கின்றோம். 1908 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வ. உ. சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அங்கு தமிழிற் பேசினர். கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் அக்காலத்திலேயே. வள்ளுவர் அவைக்குப் புறத்தே நிறுத்தியோரே இப்போது அவையாயினர். சுதேசியம் என்னும் கருத்து கூலி, வேலைநேரம் ஆகிய வாழ்க்கைப் பிரச்சினைகளுடன் இணைந்தபோதே அப்பேச்சு ஆற்றல் பெற்றது.

இதனை முதலில் உணர்ந்தவர்கள் திறனாய்வாளர்களல்லர், ஆட்சியாளர்களே. மார்ச் மாதத்தில் இருவரும் கைதாயினர். 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட இராசத்துரோகப் பிரிவான 124அ அவர்கள்மீது பாய்ந்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே சிதம்பரம்பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் விதித்தார். பின்னர் மேன்முறையீட்டில் சிதம்பரம்பிள்ளையின் தண்டனை குறைக்கப்பட்டது. ஆலைத் தொழிலாளர் செவிக்கு எட்டிய தமிழ்ச் சொல்லை அரசு எவ்வளவு அஞ்சியது என்பதை இத்தண்டனையின் கடுமையே எண்பிக்கின்றது.

பிற்கால மேடைகளின் முன் மக்கள் திரள் பன்மடங்கு பெருகியது. ஆயினும் அத்திரள் கைதட்டுவோராக மட்டும் நிறுத்தப்பட்ட இடங்களில் அடுக்குமொழியே பேச்சின் பொருளாகிவிட்டது. எனவே ஒரு பேச்சை மதிப்பிடுகையில், பேசியவர் எவ்வாறு பேசினார் என்பதோடு நாம் அமைந்துவிடலாகாது. கேட்டோர் அதன்பின் யாது செய்தனர் என்பதையும் வினவுதல் வேண்டும்.