டெண்டர் போடாதவரையும் கேளுங்கள்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டெண்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பேப்பரில் விளம்பரம் வருவதிலிருந்து கடைசி பில் பாஸாவது வரை எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். ஓர் அரசாங்கம் ஒழுங்காகப் பொருள் வாங்குகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? டெண்டர் போடுவதையே விட்டுவிட்டவர்கள் யார், ஏன் விட்டார்கள் என்று விசாரித்தால் பாதி தெரிந்துவிடும்.

நாடுகளின் அரசுக் கொள்முதலை எடைபோட ‘மேப்ஸ்’ என்றொரு அளவுகோல் இருக்கிறது. உலக வங்கியும் ஓஇசிடி அமைப்பும் முன்கையெடுத்து 2003-04 வாக்கில் இதற்கு அடித்தளம் போட்டன. சட்டம், நிர்வாகத் திறன், நடைமுறை, பொறுப்புக்கூறல் என்று நான்கு தூண்கள். 2018இல் வந்த திருத்தப் பதிப்பின்படி அவற்றின் கீழ் 14 குறியீடுகள். வளரும் நாடுகள் பலவற்றில் இதை வைத்துத்தான் மதிப்பீடு நடக்கிறது. சட்டத்தைப் படித்தால் மட்டும் போதாது. ஒப்பந்தக் கோப்புகளில் சிலவற்றை எடுத்துப் பார்க்க வேண்டும், சப்ளை செய்பவர்களையும் மக்கள் அமைப்புகளையும் கேட்க வேண்டும், கண்டறிந்ததை அவர்கள் முன் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்கிறது இந்தப் பதிப்பு. பில் உரிய காலத்தில் பாஸாகிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. அந்த ஒரு வரிக்காகவே எனக்கு இதன்மேல் மரியாதை.

ஏனென்றால், கோப்பில் எல்லாம் அழகாக இருக்கும். மூன்று கொட்டேஷன் இருக்கும், ஒப்பீட்டுப் பட்டியல் இருக்கும், குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் போயிருக்கும். அந்த மூன்று கொட்டேஷனும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்பதைக் கோப்பு சொல்லாது. அதே தெருவில் தொழில் செய்பவன் சொல்வான். ஆண்டு வருமானம் இத்தனை கோடி இருக்க வேண்டும் என்ற ஒற்றை நிபந்தனையில் ஊரிலுள்ள சின்ன அச்சகங்கள் மொத்தமும் கழன்றுவிடும். டெண்டரே போடாதவர்களின் பெயர் எந்தக் கோப்பில் இருக்கும்?

பொருள் வந்து இறங்குகிற இடத்தைப் பற்றிப் பேச பிலிப்பைன்ஸ்தான் எனக்குப் பிடித்த உதாரணம். அங்கே 2003இல் வந்த கொள்முதல் சட்டம், டெண்டர் நடவடிக்கைகளைப் பார்வையிடத் தொழில்துறையிலிருந்தும் தன்னார்வ அமைப்புகளிலிருந்தும் வெளியாட்களை அழைக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு கல்வித் துறையும், அதேனியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ‘ஜி-வாட்ச்’ குழுவும் சேர்ந்து பாடப்புத்தகங்களை எண்ணும் வேலையைத் தொடங்கின. டெண்டர், அச்சகக் கிடங்கு, பள்ளிக்கூடம் எனப் புத்தகம் போகிற வழியெல்லாம் தன்னார்வலர்கள் பின்தொடர்ந்தார்கள். புத்தகம் இறங்கும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டதால், பள்ளிகளில் சாரண, சாரணியர் வந்து நின்று எண்ணினார்கள்.

அச்சுத் தொழில் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பண்டலைப் பிரிக்காமலே ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று சலானில் கையெழுத்துப் போட்டு சீலும் வைத்துவிட்டால், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பைண்டிங்கில் 16 பக்க ஃபாரம் ஒன்று விடுபட்டால், 32ஆம் பக்கத்தைத் திருப்பியதும் 49 வரும். கணக்குத் தணிக்கையில் அது சிக்காது. பத்து வயதுப் பிள்ளை புரட்டினால் உடனே சிக்கிவிடும். பசை சரியில்லாத புத்தகத்தை நடுவில் விரித்து ஒரு அழுத்து அழுத்தினால் தாள் தனியாகக் கையோடு வரும். இதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம்.

பிலிப்பைன்ஸில் 1999இல் 80 முதல் 120 பெசோ வரை இருந்த ஒரு பாடப்புத்தகத்தின் சராசரி விலை, 2006-07இல் 30 முதல் 45 பெசோவுக்கு இறங்கியது. 24 மாதம் இழுத்த கொள்முதல் 12 மாதத்தில் முடிந்தது. டெண்டர் முறையை மாற்றியதற்கும் இதில் பெரிய பங்குண்டு. எண்ணியவர்களே எல்லாம் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ண ஆள் நிற்கிறது என்று தெரிந்தால் சப்ளை செய்கிறவன் பண்டலைச் சரியாகக் கட்டுவான். இதை நான் தொழிலில் இருந்துகொண்டு சொல்கிறேன்.

ஆனால் பார்வையாளர்களை அழைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதாலேயே ஆட்கள் வந்துவிடவில்லை. பஸ் செலவுக்குப் பணமில்லாமலும், ஆளில்லாமலும் அங்கே பல டெண்டர் கூட்டங்கள் பார்வையாளர் இல்லாமலேயே நடந்தன. மேப்ஸ் மதிப்பீடு செய்ய வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தலைநகரத்து ஓட்டல் ஹாலில், துறை அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கும்போது, எந்தச் சின்ன சப்ளையர் வாயைத் திறப்பார்? பேசினால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் அவருக்கு. மாவட்டத்துக்கு வாருங்கள், அந்த ஊர் பாஷையில் கேளுங்கள், பேரை வெளியே விடாதீர்கள், வந்துபோகிற செலவைக் கொடுங்கள். நர்ஸிடம் கையுறை கிழிகிறதா என்று கேளுங்கள், தலைமையாசிரியரிடம் புத்தகம் எப்போது வந்தது என்று கேளுங்கள். கடைசி அறிக்கையை எல்லாரும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

நம் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக்களிலும் பெற்றோர்கள் இருக்கிறீர்கள். அடுத்த முறை புத்தகக் கட்டு எந்தத் தேதியில் இறங்குகிறது என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, அன்றைக்கு இரண்டு பேராவது போய் நில்லுங்கள். சலானில் கையெழுத்து விழுவதற்கு முன்னால் ஒரு பண்டலையாவது பிரித்துப் பாருங்கள்.