கஞ்சி காய்ச்சக் கத்துக்கோங்க சார்!

‘‘குழந்தைக்குக் கஞ்சியா? அதெல்லாம் லேடீஸ் டிபார்ட்மென்ட் சார்!’’ என்று ஜம்பமாகச் சொல்லும் இளம் தகப்பன்மார்களுக்கு ஒரு சின்னக் கணக்கு.

2017-ல் சட்டத்தைத் திருத்தி, பிரசவ லீவை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள் (முதல் இரண்டு குழந்தைகளுக்கு). 26 வாரம் என்றால் ஆறு மாசம். தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் முதல் ஆறு மாசத்துக்குத்தான். ஆக, வீட்டம்மா ஹேண்ட்பேக்கை மாட்டிக்கொண்டு ஆபீஸ் கிளம்புகிற சமயம் பார்த்துத்தான் வாரிசு, ‘எங்கேப்பா என் கஞ்சி?’ என்று வாயைத் திறக்கிறது. அப்புறம் ஏது சார் லேடீஸ் டிபார்ட்மென்ட்?

பயப்படாதீங்க. நான் பி.காம். சத்துமாவும் ஸ்டாக் கணக்கு மாதிரிதான்.

அரிசி, கேழ்வரகு, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை... இது போதும். கல், பூச்சி பொறுக்கி, கழுவி, வெயிலில் கலகலவென்று காயவிட்டு, வறுத்து அரைக்கணும். ஈரம் இருந்தால் பூஞ்சை நிச்சயம். நிலக்கடலை சேர்ப்பதானால், சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் தயவு தாட்சண்யம் இல்லாமல் கழித்துவிடுங்கள். அதில் ‘அஃப்ளடாக்ஸின்’ என்ற விஷம் இருக்கலாம். வறுத்தாலும் முழுசாகப் போகாது. மாவு மில்லில், ‘‘எனக்கு முன்னாடி மிளகாய் அரைச்சீங்களாண்ணே?’’ என்று கேட்க வெட்கப்படாதீர்கள். மாவு நன்றாக ஆறின பிறகே டப்பாவில் போடணும். உள்ளே போகும் ஸ்பூனில் சொட்டு ஈரம் கூடாது. கொஞ்சமாக அரைத்து, பழசைத் தீர்த்துவிட்டுப் புதுசைத் திறக்கணும். முதலில் வந்தது முதலில் வெளியே!

அடுத்தது கூட்டு வட்டி. பேங்க்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், காலையில் காய்ச்சிய கஞ்சியை ஃப்ளாஸ்க்கில் ஊற்றிவைத்து, மத்தியானம்வரை கொடுத்துக்கொண்டிருந்தார். ‘‘வெதுவெதுன்னு இருந்துச்சுப்பா’’ என்றார், பேதியால் துவண்ட குழந்தையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு. பாவம், அந்த வெதுவெதுப்புதான் கிருமிக்குக் கொண்டாட்டம்! 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ்வரை அதுகளுக்கு ராஜயோகம். வசதியான சூட்டில் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒன்று இரண்டாகும். நாலு மணி நேரத்தில் ஒன்று 4,096! எந்த சீட்டுக் கம்பெனியும் இந்த வட்டி தராது. அரிசிக் கஞ்சியில் வளரும் சில கிருமிகளின் விஷம் மறுபடி கொதிக்க வைத்தாலும் அசையாது. அதனால் அப்பப்போ காய்ச்சி, அப்பப்போ ஊட்டணும். வெளியே இரண்டு மணி நேரம் இருந்ததா? கொட்டிடுங்க.

காய்ச்சும் முன் சோப்பு போட்டுக் கை கழுவணும். பாட்டில் வேண்டாம், கிண்ணமும் ஸ்பூனும் போதும். சுத்தம் செய்வது சுலபம். சூடு பார்க்க வாயால் ஊதாதீர்கள், மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் ஓடாத அளவுக்குக் கெட்டியாக இருக்கட்டும். நீர்க்கக் கரைத்தால் வயிறு நிறையும், சத்து ஏறாது. முதலில் இரண்டு மூன்று ஸ்பூன். புதுசாக எதைக் கொடுத்தாலும் மூன்று நாள் அது ஒன்றுதான் புதுசு. ஒத்துக்கொள்ளாதது எது என்று அப்போதுதான் பிடிபடும். ஆறு மாசத்துக்கு மேல் தாய்ப்பாலில் இருக்கிற இரும்புச்சத்து பத்தாது என்பதால் பருப்பு, கீரை, முழுசாக வெந்த முட்டை, மசித்த கறி என்று மெள்ளச் சேர்க்கணும். தாய்ப்பாலும் தொடரணும். ஒரு வயசுவரை உப்பு, சர்க்கரை வேண்டாம். முழுக் கடலை, முழு திராட்சை தொண்டையில் அடைக்கும். உட்காரவைத்தே ஊட்டுங்கள்.

தேன்? இங்கேதான் வீட்டில் பஞ்சாயத்து.

‘‘மாப்பிள்ளை, உங்க வீட்டுக்காரிக்கே நான்தான் தேன் தொட்டு சேனை வெச்சேன். நல்லாத்தானே இருக்கா?’’ என்றார் என் மாமியார்.

‘‘ரொம்ப நல்லாத்தான் இருக்கா அத்தை. அதுல சந்தேகமே இல்லை. ஆனா, தேன்ல பாட்டுலினம்னு ஒரு கிருமியோட விதை இருக்கலாம். கொதிக்க வெச்சாலும் சாகாது. ஒரு வயசுக்குள்ள குழந்தை குடல்ல முளைச்சு, கை காலையே தளர வெச்சிடும். பிறந்த நாள் கேக் வெட்டின மறுநாள் நீங்களே ஊட்டுங்க!’’

ஒத்திவைப்புத் தீர்மானம் நிறைவேறியது.

இவ்வளவு செய்தும் பேதி வந்தால்? தாய்ப்பாலை நிறுத்தாமல், ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் காட்டுங்கள். கண் குழிவது, ஒண்ணுக்குப் போகாதது, துவண்டு கிடப்பது, ரத்தம் கலந்து போவது என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ‘சாயங்காலம் பார்க்கலாம்’ என்கிற ஆபீஸ் பேச்சு இங்கே ஆகாது.

கடைசியாக ஒன்று. ஊட்டின கிண்ணத்தில் மிஞ்சியதில் குழந்தையின் எச்சில் கலந்திருக்கும். எடுத்து வைக்காதீர்கள். க்ளோசிங் ஸ்டாக் எப்போதும் பூஜ்யம்! அப்படி ஒன்றும் பெரிசாக மிஞ்சிவிடாது. பாதி குழந்தை வயிற்றில், பாதி உங்கள் சட்டையில். கணக்கு கரெக்டாக டாலி ஆகிவிடும்!