டிஸ்க் போனால் பிழைக்கலாம்... ஹெடர் போனால்?

நான்கு ஹார்ட் டிஸ்க் போட்ட ரெய்டு 5 பெட்டியில் ஒன்று செத்துப்போனால் பெரிதாகப் பதற வேண்டியதில்லை. அந்த ஏற்பாடே அதற்குத்தான். 1988-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையின் கணக்குதான் இன்றும் ஓடுகிறது. மூன்று டிஸ்க்கில் தகவல். நான்காவதில் அந்த மூன்றையும் எக்ஸ்-ஆர் செய்து கிடைத்த பாரிட்டி. எது தொலைந்தாலும் மற்ற மூன்றைக் கொண்டு அதை மீட்டுவிடலாம். பாரிட்டி ஒரே டிஸ்க்கில் நிற்காமல் ஒவ்வொரு வரிசையிலும் இடம் மாறிக்கொண்டே போகும்.

விவகாரம் ஆரம்பிப்பது புது டிஸ்க்கைச் செருகிய பிறகுதான். ரீபில்டு முடிய, மிச்சமுள்ள மூன்றையும் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். மணிக்கணக்கில், சில பெட்டிகளில் நாள்கணக்கில் ஓடும். மூன்றும் பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கியவை. வயதும் தேய்மானமும் ஒன்று. யாரும் தொடாத ஓரத்தில் ஒரு செக்டர் கெட்டிருந்தால் அப்போதுதான் வெளியே தெரியும். அந்த டிஸ்க்கும் விலக்கப்பட, மொத்த ரெய்டும் படுத்துவிடும். இதன் மேல் என்கிரிப்ஷனும் இருந்தால் கதை முடிந்தது என்பார்கள். அது பாதிதான் உண்மை.

லினக்ஸில் இந்த வேலைக்கான கருவி எம்.டி.ஏ.டி.எம். நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டிகளான நாஸ் பலவற்றின் உள்ளேயும் இதுதான். இதில் ‘கிரியேட்’ என்றொரு கட்டளை உண்டு; ரெய்டு எழும்பவில்லை என்றதும் பலருடைய கை அதற்குத்தான் போகும். அது பழைய ரெய்டை எழுப்பாது. அதே டிஸ்க்குகளில் புதிதாக ஒன்றை அமைக்கும். வரிசையில் கடைசியாகச் சொன்ன டிஸ்க்கைக் காலி என்று எடுத்துக்கொண்டு அதன் மேல் எழுதவும் தொடங்கிவிடும். வரிசை தப்பென்றால் நல்ல டிஸ்க் ஒன்று கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு!

முதல் வேலை நகல் எடுப்பது. ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப்போய், பிறகு நிதானமாக அவற்றுக்குத் திரும்பும். எது கிடைத்தது, எது பாக்கி என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். பிறகு எல்லாச் சோதனையும் நகலில்தான்.

அடுத்தது ஈவென்ட் எண். ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ரெய்டின் விவரத்தைத் தாங்கும் சூப்பர்பிளாக்கில் இந்த எண் கூடும். முதலில் செத்த டிஸ்க்கில் அது வெகுவாகப் பின்தங்கியிருக்கும்; ரீபில்டின்போது விழுந்ததில் கொஞ்சம்தான் குறைவாக இருக்கும். பழையதை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் ‘அசெம்பிள் ஃபோர்ஸ்’ கொடுத்தால் பெரும்பாலும் எழுந்து நிற்கும்.

இனி பூட்டு, அதாவது என்கிரிப்ஷன். லினக்ஸில் வழக்கம் கிளெமென்ஸ் ஃப்ரூவிர்த் வடிவமைத்த லக்ஸ். நாம் அடிக்கும் பாஸ்வேர்டு தகவலைப் பூட்டும் சாவி அல்ல. உண்மையான சாவி 64 பைட் நீளமுள்ள ஒரு தற்செயல் எண். அது தொடக்கத்தில் உள்ள ஹெடர் என்ற பகுதியில் கிடக்கிறது. அதைத் திறக்கத்தான் பாஸ்வேர்டு. வேண்டும்போது சாவியை அடையாளமில்லாமல் அழிக்க வசதியாக அந்த 64 பைட்டை 4,000 துண்டுகளாக விரித்து, 2,56,000 பைட்டில் பரப்பி வைக்கிறார்கள். அதில் ஒரு பிட் மாறினாலும் சரியான சாவி வராது. திருடனுக்கு வைத்த பொறியில் வீட்டுக்காரர் சிக்கும் இடம் இதுதான். லக்ஸின் இரண்டாம் பதிப்பில் ஹெடரின் விவரக் குறிப்புக்கு இரண்டு பிரதி உண்டு. சாவி கிடக்கும் பகுதிக்கு இல்லை!

சாவி தப்பித்துவிட்டால் என்கிரிப்ஷனால் கூடுதல் நஷ்டம் எதுவும் இல்லை. ஏ.இ.எஸ்.-எக்ஸ்.டி.எஸ். முறையில் ஒவ்வொரு செக்டரும் தனித்தனியாகப் பூட்டப்படுகிறது. 4,096 பைட் செக்டர் ஒன்று போனால் போவது அந்த 4,096 பைட்தான்.

சூப்பர்பிளாக் அழிந்து, டிஸ்க் வரிசையையே கண்டுபிடிக்க வேண்டிய நிலை வந்தால்தான் என்கிரிப்ஷன் படுத்தும். பூட்டாத டிஸ்க் என்றால் ஒன்றில் பாதியில் அறுந்த எழுத்து எதில் தொடர்கிறது என்று பார்க்கலாம். இங்கே எல்லாமே இரைச்சல். தொடக்கத்தில் ‘லக்ஸ்’ என்ற நான்கெழுத்து முத்திரை இருக்கும் டிஸ்க்கே முதலாவது என்று வைத்தால் மிச்சம் 6 வரிசைகள். பாஸ்வேர்டு ஏற்றுக்கொள்ளப்பட்டதும் வரிசை சரி என்று துள்ளக்கூடாது. ரெய்டின் வழக்கமான துண்டு 512 கிலோபைட். முதல் சாவி முழுவதும் முதல் துண்டுக்குள்ளேயே அடங்கிவிடும். மற்ற டிஸ்க்குகள் தாறுமாறாக இருந்தாலும் பூட்டு திறக்கும். அந்த நேரத்தில் கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்.எஸ்.சி.கே. ஓட்டினால், இரைச்சலைப் பழுது என்று நினைத்து நல்லதையும் ‘சரிசெய்து’ தொலைக்கும். படிக்க மட்டும் மவுண்ட் செய்து, சில நூறு மெகாபைட் வீடியோ ஒன்றை ஓட்டிப் பார்ப்பதே பத்திரம். வரிசை தப்பென்றால் படம் ஆரம்பத்திலேயே சிதறும்.

ஹெடர் அழிந்தும் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து ரீபூட் செய்யாதீர்கள். சாவி அப்போது ரேமில் இருக்கிறது. கோப்புகளை வேறிடத்துக்கு அள்ளிக்கொள்ள அதுவே கடைசி வாய்ப்பு.

இத்தனை தலைவலிக்கும் மருந்து, லக்ஸைக் கையாளும் கருவியான கிரிப்ட்செட்டப்பில் ஒரே ஒரு ஹெடர் பேக்கப் கட்டளை. கிடைக்கும் கோப்பு 16 மெகாபைட் அளவு. அதை அதே ரெய்டுக்குள் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் பழைய பேக்கப்பை அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள். பழைய கோப்பும் பழைய பாஸ்வேர்டும் சேர்ந்தால் இன்றைய டிஸ்க்கும் திறந்துகொள்ளும்.